0.6 மில்லிமீட்டர் கோரை நம்பலாமா? டிஷ்யூ மைக்ரோஅரே பற்றி ஒரு விரிவான பதில்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: பெருங்குடல் புற்றுநோய் பிளாக்குகள் (பாரஃபின் மெழுகில் பதித்த கட்டித் திசு) 300 கையில் இருக்கின்றன. ஒரு புரதம் இருக்கும் இடத்தை நிறமாகக் காட்டும் ஆன்டிபாடிகள் ஐந்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும், பிளாக்கின் முகம் முழுவதையும் மெல்லிதாகச் சீவிய முழு செக்‌ஷனில் செய்ய நேரமும் இல்லை, பணமும் இல்லை. "டிஷ்யூ மைக்ரோஅரே செய்துவிடு" என்கிறார் வழிகாட்டி. பல கட்டிகளிலிருந்து திசுவைச் சிறு உருளைகளாக (கோர்) எடுத்து ஒரே பிளாக்கில் வரிசையாக அடுக்கும் முறை அது, சுருக்கமாக டிஎம்ஏ. ஆனால் அவ்வளவு பெரிய கட்டியிலிருந்து ஊசிமுனை அளவு திசுவை எடுத்துவைத்துக்கொண்டு, அந்தக் கட்டி இப்படிப்பட்டது என்று எழுதினால் யார் நம்புவார்கள்? எத்தனை கோர் எடுப்பது, எங்கிருந்து தொடங்குவது?

முதலில், உங்கள் சந்தேகம் நியாயமானது. கணக்குப் போட்டால் இன்னும் பயமாக இருக்கும். 0.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 0.28 சதுர மில்லிமீட்டர். ஒரு ஸ்லைடில் கட்டி 15க்கு 10 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 150 சதுர மில்லிமீட்டர். அதாவது ஐந்நூறில் ஒரு பங்கைத்தான் பார்க்கிறீர்கள். மைக்ரோஸ்கோப்பில் 40எக்ஸ் லென்ஸில் தெரியும் ஒரே ஒரு ஃபீல்டும் ஏறக்குறைய இதே அளவுதான். ஒரு ஃபீல்டைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதுவீர்களா என்று திசுவைப் பார்த்து நோயைக் கண்டறியும் எந்தப் பேத்தாலஜிஸ்டைக் கேட்டாலும் அடிக்க வருவார்.

ஆனால் அவர் எழுதுவது ஒரு நோயாளிக்கான ரிப்போர்ட். உங்களுடையது அப்படியல்ல. முந்நூறு கட்டிகளில் இந்தப் புரதம் எத்தனையில் இருக்கிறது, இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் நோயின் போக்கில் வித்தியாசம் உண்டா என்பதுதான் உங்கள் கேள்வி. 147-ஆம் எண் கட்டியில் கோர் தவறான இடத்தில் விழுந்து, பாசிட்டிவாக இருக்க வேண்டியது நெகட்டிவ் ஆகிவிட்டால் அந்த ஒரு எண் தவறுதான். ஆனால் அப்படிப்பட்ட தவறுகள் அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கும்வரை, முந்நூறையும் சேர்த்துப் பார்க்கும்போது சித்திரம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான், தலைகீழாகாது. தவறுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் ஆபத்து. டிஎம்ஏ செய்வதில் உள்ள வேலையில் பெரும்பாதி, தவறுகள் ஒரு பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்வதுதான். இந்த வேலை ஊசியை எடுப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

இந்த முறை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொன்னால், அது எதற்காக உருவானது என்பது புரியும். 1986-இல் ஹெக்டர் பாட்டிஃபோரா என்ற பேத்தாலஜிஸ்ட் ஒரு வேடிக்கையான வேலை செய்தார். நூற்றுக்கு மேற்பட்ட திசுக்களை மெல்லிய குச்சிகளாக நறுக்கி, ஒரு குடல் உறைக்குள் சுருட்டி, மொத்தத்தையும் ஒரே பாரஃபின் பிளாக்காக ஆக்கினார். அதற்கு 'சாசேஜ்' பிளாக் என்றே பெயர். புதிதாக வந்த ஆன்டிபாடி எதில் ஒட்டுகிறது, எதில் ஒட்டவில்லை என்று ஒரே ஸ்லைடில் பார்த்துவிடலாம். குறை என்னவென்றால், எந்தக் குச்சி யாருடையது என்று சொல்ல முடியாது. மறு ஆண்டே வான் குழுவினர், பாரஃபின் பிளாக்கில் தடித்த ஊசியால் துளைத்து உருளையாகத் திசுவை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று நாம் செய்வதற்கு 1998-இல்தான் முழு உருவம் கிடைத்தது. யுஹா கோனனென், ஒல்லி கல்லியோனியெமி, குய்டோ சௌட்டர் முதலியோர் நேச்சர் மெடிசின் இதழில் எழுதிய கட்டுரை அது. பிளாக்கில் துளை, துளைக்கு விலாசம். வரிசை எண், நெடுவரிசை எண் இரண்டையும் சொன்னால் எந்த நோயாளி என்று தெரிந்துவிடும். ஒரே பிளாக்கில் ஆயிரம் கோர் வரை வைக்கலாம் என்று காட்டினார்கள். மார்பகப் புற்றுநோயில் ஆறு ஜீன்களின் பெருக்கத்தையும், பி53, ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் புரதங்களையும் அதில் பார்த்தார்கள்.

அந்த நேரத்தைக் கவனியுங்கள். ஜீன் சிப் பிரபலமாகிக்கொண்டிருந்த காலம். ஒரு கட்டியை எடுத்து ஆயிரக்கணக்கான ஜீன்களை ஒரே வீச்சில் அளந்துவிட முடிந்தது. விளைவு, 'இது முக்கியமாக இருக்கலாம்' என்ற ஜீன்களின் பட்டியல் மலைபோலக் குவிந்தது. உண்மையிலேயே முக்கியமா என்று தெரிய வேண்டுமானால் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் கட்டிகளில் பார்த்தாக வேண்டும். ஜீன் சிப்பைத் திருப்பிப் போட்டதுதான் டிஎம்ஏ: அங்கே ஒரு கட்டியில் ஆயிரம் ஜீன், இங்கே ஆயிரம் கட்டியில் ஒரு ஜீன்.

சரி, நம்பகத்தன்மைக்கு வருவோம். இதைச் சோதித்துப் பார்க்காமல் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 2000-இல் கேம்ப், ரிம் குழுவினர் மார்பகப் புற்றுநோயில் ஒரே கட்டியிலிருந்து பல இடங்களைப் பார்த்து, முழு செக்‌ஷனோடு ஒப்பிட்டார்கள். ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர்), பிஆர் (புரோஜெஸ்டிரோன் ரிசெப்டர்), ஹெர்2 ஆகிய மூன்று புரதங்களுக்கும், இரண்டே இரண்டு கோர் எடுத்தாலே 95 சதவீதத்துக்கு மேல் முழு செக்‌ஷனோடு ஒத்துப்போனது. அடுத்த ஆண்டு டோர்ஹார்ஸ்ட் குழுவினர் சுமார் 550 மார்பகக் கட்டிகளில் நான்கு தனித்தனி டிஎம்ஏ செய்தார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டிக்கு ஒரே கோர். ஈஆர், பிஆர் இரண்டுக்கும் உயிர்வாழும் காலத்துக்கும் உள்ள தொடர்பு ஒற்றைக் கோரிலேயே தெரிந்தது. பி53-இல் நடந்தது இன்னும் சுவாரசியம். நான்கு டிஎம்ஏ-விலும் தெரிந்த தொடர்பு, முழு செக்‌ஷனில் தெரியவில்லை. பெரிய செக்‌ஷனில் எங்கோ ஒரு மூலையில் நாலு செல் நிறமேறியிருந்தாலும் கண் அதைப் பிடித்துக்கொள்கிறது, பாசிட்டிவ் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். கோரில் அந்தச் சபலத்துக்கு இடமில்லை. முழு செக்‌ஷன்தான் எப்போதும் உரைகல் என்ற நினைப்பை நான் அந்தக் கட்டுரையைப் படித்த பிறகுதான் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன்.

அப்படியானால் ஒரு கோர் போதுமா? மார்க்கரை, அதாவது நீங்கள் தேடும் புரதத்தைப் பொறுத்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானையைக் கிளறுகிறோம், அதனால் அது சரி. கட்டியை யாரும் கிளறுவதில்லை. சில புரதங்கள் கட்டி முழுக்க ஒரே மாதிரி பரவியிருக்கும், சில திட்டுத்திட்டாக இருக்கும், சில ஒரு ஓரத்தில் மட்டும் இருக்கும். உங்களுடையது பெருங்குடல் என்பதால் அதிலிருந்தே மூன்று உதாரணம் சொல்கிறேன். எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2 போன்ற, டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் மிஸ்மேட்ச் ரிப்பேர் புரதங்கள் பெரும்பாலும் கட்டி முழுக்க இருக்கும் அல்லது கட்டி முழுக்க இருக்காது, எங்கே துளைத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. கேஐ-67 அப்படியல்ல, செல்கள் வேகமாகப் பெருகும் ஹாட் ஸ்பாட்டும் அமைதியான இடமும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். பீட்டா-கேட்டெனின் இன்னும் தந்திரமானது. கட்டியின் நடுவில் செல் சவ்விலும் சைட்டோபிளாசத்திலும் தெரிவது, கட்டி தசைக்குள் நுழையும் முன்முனையில் நியூக்ளியஸுக்குள் குவிந்திருக்கும். நடுவில் மட்டும் துளைத்தால் அந்தக் கதையே உங்களுக்குக் கிடைக்காது.

ஆகவே 'எத்தனை கோர்' என்பதற்கு முன்பு 'எந்த இடத்துக் கோர்' என்று கேளுங்கள். உங்கள் ஐந்து ஆன்டிபாடிகளில் ஒன்றாவது முன்முனையில் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று சந்தேகம் இருந்தால், நடுவிலிருந்து இரண்டு, முன்முனையிலிருந்து இரண்டு என்று எடுத்து, அவற்றைத் தனித்தனியாகப் பதிவுசெய்யுங்கள். நாலையும் கூட்டிச் சராசரி எடுத்துவிட்டால் பிரித்து எடுத்ததே வீண். அப்படிச் சந்தேகம் இல்லையென்றால் கட்டிக்கு மூன்று கோர் நல்ல இடைநிலை. ஒன்று உதிர்ந்தாலும் இரண்டு மிஞ்சும். நாலு, ஐந்து என்று கூட்டிக்கொண்டே போவதில் கிடைக்கும் லாபம் குறைவு, டோனர் பிளாக், அதாவது திசுவைத் தரும் மூலப் பிளாக், சல்லடையாகிவிடும்.

விட்டமும் அதே மாதிரிதான். 0.6, 1, 1.5, 2 மில்லிமீட்டர் என்று ஊசிகள் உண்டு. பெருங்குடல் கட்டியில் சுரப்பி அமைப்பு தெரிய வேண்டும், பெரிய பெரிய சுரப்பிகள், நடுவில் நெக்ரோசிஸ் (செத்துப்போன திசு). 0.6 எடுத்தால் சில சமயம் ஒரு சுரப்பியின் வெற்று உட்பகுதி மட்டுமே கோரில் வந்து நிற்கும். நான் 1 மில்லிமீட்டர் எடுப்பேன். 2 மில்லிமீட்டர் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் டோனர் பிளாக்கில் பெரிய பள்ளம் விழும், மெல்லிய பிளாக் விரிசலும் விடும். ஒரே பெரிய கோரைவிட வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்த மூன்று சிறிய கோர் கட்டியைப் பற்றி அதிகம் சொல்லும்.

உங்கள் எண்ணிக்கையைப் போட்டுப் பார்ப்போம். முழு செக்‌ஷன் என்றால் 300 கட்டி, 5 ஆன்டிபாடி, 1500 ஸ்லைடு. டிஎம்ஏ என்றால், 1 மில்லிமீட்டர் கோர்கள் 150-ம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுத் திசுக்கள் சிலவும் ஒரு பிளாக்கில் வசதியாக உட்காரும். ஆக 300 பேருக்கு இரண்டு பிளாக். மூன்று கோர் என்பதால் மூன்று நகல், மொத்தம் ஆறு பிளாக், ஐந்து ஆன்டிபாடிக்கு 30 ஸ்லைடு. ஒரு நோயாளியின் மூன்று கோர்களையும் ஒரே பிளாக்கில் அடுத்தடுத்து வைக்காமல், நகலுக்கு ஒன்றாக மூன்று பிளாக்குகளில் வையுங்கள். ஒரு ஸ்லைடின் ஓரம் சரியாக நிறமேறாமல் போனாலும், ஒரு பிளாக் கெட்டே போனாலும், அந்த நோயாளி ஆய்விலிருந்து முழுதாகக் காணாமல் போகமாட்டார். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் முதல் கோரில் வலுவான நிறத்தைப் பார்த்த கண், அடுத்ததிலும் அதையே பார்க்கும் என்பது இன்னொரு காரணம்.

ஸ்லைடு எண்ணிக்கை குறைவது பணத்தை மிச்சப்படுத்தும், சரி. ஆனால் என் கணக்கில் பெரிய லாபம் வேறு. 1500 ஸ்லைடுகளைப் பல வாரங்களாக, வெவ்வேறு நாளில், வெவ்வேறு கையால், புதுப்புதுப் பாட்டில் ஆன்டிபாடியில் ஸ்டெயின் செய்தால், கடைசியில் நீங்கள் அளப்பது கட்டியையா, திங்கட்கிழமையையா என்றே தெரியாது. ஒரே ஸ்லைடில் 150 கட்டிகள் ஒரே துளி ஆன்டிபாடியில், ஒரே வெப்பத்தில், ஒரே நிமிடத்தில் நனைகின்றன. ஸ்லைடுக்கு ஸ்லைடு வரும் வித்தியாசம் பெருமளவு ஒழிகிறது.

ஒழியாத ஒன்று உண்டு, அது ஸ்டெயினிங்குக்கு முன்பே நடந்தது. திசு உடலிலிருந்து வெளியே வந்து, அதைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் விழ எவ்வளவு நேரமானது, ஃபார்மலினில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதெல்லாம் ஒவ்வொரு பிளாக்குக்கும் வேறு வேறு. மார்பகத்தில் ஹெர்2, ஈஆர் சோதனைகளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குப் போக வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் அதில் இருக்க வேண்டும் என்று நெறிமுறை இருக்கிறது. பழைய பிளாக்குகளில் இதற்கெல்லாம் பதிவே இருக்காது. முந்நூறும் இருபது வருடத்துக்குப் பரவியிருந்தால், பிளாக் செய்த ஆண்டையும் ஒரு நெடுவரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் உங்கள் மார்க்கர் 'பழைய பிளாக்குகளில் நெகட்டிவ்' என்று மட்டும் சொல்கிறதா என்று பார்க்க அது உதவும்.

இனி கைவேலை. முதலில் ஒவ்வொரு கேஸுக்கும் புதிதாக ஒரு ஹெச்அண்ட்ஈ (திசு அமைப்பைக் காட்டும் வழக்கமான நிறமேற்றம்) ஸ்லைடு வெட்டுங்கள். பழைய ஸ்லைடை நம்பாதீர்கள், அதற்குப் பிறகு அந்தப் பிளாக்கிலிருந்து எத்தனை செக்‌ஷன் போயிருக்கிறதோ, கட்டியே தீர்ந்திருக்கலாம். புது ஸ்லைடில் பேத்தாலஜிஸ்ட் உட்கார்ந்து கட்டியை ஒரு நிறத்திலும் முன்முனையை இன்னொரு நிறத்திலும் மார்க்கர் பேனாவால் வட்டமிட வேண்டும். வேலையிலேயே விலைமதிப்புள்ள பகுதி இதுதான். இதை ஜூனியரிடம் தள்ளிவிட்டு மற்றதையெல்லாம் துல்லியமாகச் செய்தால் துல்லியமான குப்பைதான் கிடைக்கும். நெக்ரோசிஸ் வேண்டாம், சளி ஏரி வேண்டாம், பிளாக்கின் விளிம்பு வேண்டாம். ஆனால் 'அழகாக இருக்கும் இடம்' என்று மட்டும் தேடித் தேடி வட்டமிடாதீர்கள். நன்றாகச் சுரப்பி அமைத்த பகுதியையே எப்போதும் தேர்ந்தெடுத்தால், முன்பு சொன்ன அந்த ஒரு பக்கச் சாய்வு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

துளைக்கும் கருவியில் இரண்டு ஊசி. மெல்லியது வெற்றுப் பாரஃபின் பிளாக்கில் குழி போடும், அதைவிட ஒரு மயிரிழை பெரியது டோனர் பிளாக்கிலிருந்து திசுவை எடுத்து அந்தக் குழியில் இறக்கும். வட்டமிட்ட ஸ்லைடை டோனர் பிளாக்கின் முகத்தில் பொருத்திப் பார்த்து, இடத்தைப் பிடித்து, அழுத்த வேண்டும். ஆழம் 3 மில்லிமீட்டர் போதும். கட்டிக்குள் ஊசி இறங்கும்போது மெதுவாக ஒரு எதிர்ப்பு தெரியும், வெற்றுப் பாரஃபினுக்குள் போய்விட்டால் அது சட்டென்று நழுவும். ஐம்பது கோர் எடுத்த பிறகு இந்த வித்தியாசம் விரலுக்கே தெரிந்துவிடும். கோரை இறக்கும்போது அதன் தலை பிளாக்கின் மேற்பரப்போடு சமமாக நிற்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டு நின்றால் அந்த நீட்டம் முதல் சில செக்‌ஷன்களிலேயே வீணாகும், பள்ளமாக இறங்கிவிட்டால் முதல் இருபது செக்‌ஷனில் அந்த நோயாளி இருக்கமாட்டார். பிளாக்கின் நான்கு ஓரத்திலும் 3 மில்லிமீட்டராவது வெற்றுப் பாரஃபின் விடுங்கள், இல்லையென்றால் வெட்டும்போது ஓரத்துக் கோர்கள் உடைந்து உதிரும்.

எல்லாம் முடிந்ததும் பிளாக்கைக் கவிழ்த்து ஒரு சுத்தமான ஸ்லைடின் மேல் வைத்து, 37 டிகிரியில் இளகவிட்டு, மெல்ல அழுத்தினால் கோர்களும் பாரஃபினும் ஒட்டிக்கொள்ளும், மேற்பரப்பும் சமமாகும். வெப்பத்தைக் கூட்டினால் பாரஃபின் உருகிக் கோர்கள் மிதக்கத் தொடங்கும். வரிசை கலைந்தால் பிறகு யாராலும் அடுக்க முடியாது.

வரிசை என்றதும் என் பழைய அவமானம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் செய்த இரண்டாவது டிஎம்ஏ அது. பத்துக்குப் பத்து, கச்சிதமான சதுரம், பார்க்கவே கண்ணுக்கு இதம். ஸ்டெயின் ஆகி வந்தது, உட்கார்ந்து நூறு கோருக்கும் மார்க் போட்டேன். இரண்டாவது ஸ்லைடில் ஏ-1 கட்டத்தில் இயல்பான பெருங்குடல் சளிச்சவ்வு இருக்க வேண்டும், வரைபடம் அப்படித்தான் சொன்னது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கோணல்மாணலான சுரப்பிகள், சந்தேகத்துக்கு இடமில்லாத புற்றுநோய். கொஞ்ச நேரம் வரைபடத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, வாட்டர் பாத்தில் மிதந்த செக்‌ஷனை ஸ்லைடில் எடுத்தபோது அது 180 டிகிரி திரும்பியிருக்கிறது. நான்கு பக்கமும் ஒரே மாதிரியான சதுரம், எந்தப் பக்கம் தலை என்று எப்படித் தெரியும்? இரண்டாவது ஸ்லைடின் மார்க் எல்லாம் தவறான நோயாளிகளின் கணக்கில் ஏறியிருந்தது. முதல் ஸ்லைடு நேராக இருந்ததா என்பதும் அப்போதுதான் கேள்வியானது. அந்த ஒரு சளிச்சவ்வுக் கோர் இல்லையென்றால் அப்படியே புள்ளியியல் போட்டு எழுதியிருப்பேன்.

அதனால் வரிசையைச் சமச்சீராக அமைக்காதீர்கள். ஒரு மூலையில் மட்டும் கட்டத்துக்கு வெளியே இரண்டு கோர் நீட்டிக்கொண்டிருக்கட்டும். அவை கல்லீரலாகவோ பிளசென்டாவாகவோ இருந்தால் இன்னும் நல்லது, யாரும் பெருங்குடல் கட்டியோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள். கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பினாலும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதால் மூலைவிட்டத்தில் சமச்சீராக வைப்பதையும் தவிருங்கள். வரைபடத்தை எக்செல்லில் போட்டு, துளைத்தபோது நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் அந்தக் கணமே எழுதுங்கள். 'டி-7 காலி, பிளாக் தீர்ந்துவிட்டது, அடுத்த கேஸ் இ-7-இல்' என்பதை மனதில் வைத்துக்கொண்டு மாலையில் எழுதலாம் என்றால் அதோடு மீதி வரிசை முழுக்க ஒரு கட்டம் நகர்ந்துவிடும்.

வெட்டுவதில் ஒரு எச்சரிக்கை. 3 மில்லிமீட்டர் ஆழத்தை 4 மைக்ரானால் வகுத்தால் 750 செக்‌ஷன் வர வேண்டும். வராது. கோர்களின் ஆழம் சமமாக இருக்காது, ஒவ்வொரு முறை பிளாக்கை மைக்ரோடோமில் (வெட்டும் கருவி) மாட்டி முகம் சீராக்கும்போதும் கொஞ்சம் வீணாகும். நல்ல பிளாக்கில் 100 முதல் 200 வரை உருப்படியாகக் கிடைத்தால் சந்தோஷப்படலாம். 'ஒவ்வொரு முறையும் மாட்டிக் கழற்றினால் வீண், மொத்தமாக ஒரே நாளில் வெட்டி வைத்துவிடுவோம்' என்று தோன்றும். அப்போதுதான் இன்னொரு வம்பு வருகிறது. பிளாக்குக்குள் இருக்கும் புரதம் பல பத்தாண்டுகள் தாங்கும். மேலே சொன்ன கேம்ப் குழுவினரே 60 ஆண்டுக்கு மேற்பட்ட பிளாக்குகளில் பல புரதங்கள் ஆன்டிபாடிக்குப் பதில் சொன்னதைக் காட்டினார்கள். ஆனால் வெட்டி ஸ்லைடில் ஒட்டிக் காற்றில் வைத்த செக்‌ஷன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். எவ்வளவு வேகமாக என்பது புரதத்துக்குப் புரதம் மாறும். ஐந்து ஆன்டிபாடிக்கும் தேவையான செக்‌ஷன்களை ஒரே அமர்வில் வெட்டி, சில வாரங்களுக்குள் ஸ்டெயின் செய்து முடித்துவிடுங்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் ஸ்லைடின் மேல் மெல்லிய பாரஃபின் பூச்சு கொடுத்து, குளிரில், காற்றுப் படாமல் வையுங்கள். ஒவ்வொரு ஐம்பதாவது செக்‌ஷனையும் ஹெச்அண்ட்ஈ செய்துவிடுங்கள், ஏனென்றால் ஆழம் போகப் போக ஒரு கோரில் கட்டி முடிந்து சாதாரணத் திசு வந்துவிடும். மேலே கட்டியாக இருந்தது நூறாவது செக்‌ஷனில் வெறும் ஸ்ட்ரோமா, அதாவது கட்டியைச் சுற்றிய இணைப்புத் திசு.

மார்க் போடுவதைப் பற்றி. ஹெச்-ஸ்கோர் பழக்கமானது: நிறத்தின் வலிமை 0 முதல் 3, அதை அந்த வலிமையில் உள்ள செல்களின் சதவீதத்தால் பெருக்கிக் கூட்டினால் 0 முதல் 300 வரை ஒரு எண். இரண்டு பேர், நோயாளியின் விவரம் தெரியாமல், தனித்தனியாகப் போட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கணினியில் செய்வதாக இருந்தால் க்யூபாத் (QuPath) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. டிஎம்ஏ கட்டத்தைத் தானே கண்டுபிடித்து ஒவ்வொரு கோருக்கும் விலாசம் கொடுக்கும். கட்டம் வளைந்திருந்தால் கொஞ்சம் கையால் திருத்த வேண்டும். கணினி எண்ணட்டும், ஆனால் எது கட்டி, எது வீங்கிய ஸ்ட்ரோமா என்று அது பிரித்ததை நீங்கள் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும்.

டிஎம்ஏ-வுக்கே உரிய ஒரு பொறியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். எம்எல்ஹெச்1 போட்டிருக்கிறீர்கள். ஒரு கோரில் கட்டி செல்களின் நியூக்ளியஸ் எல்லாம் நீலமாக இருக்கிறது, ஆன்டிபாடி ஒட்டியதைக் காட்டும் பழுப்பு நிறம் துளியும் இல்லை. 'எம்எல்ஹெச்1 இழப்பு' என்று எழுதக் கை போகும். நிறுத்திவிட்டு, கட்டிக்கு நடுவே இருக்கும் லிம்ஃபோசைட்டுகளைப் பாருங்கள், ஸ்ட்ரோமா செல்களைப் பாருங்கள். அவை இயல்பான செல்கள், அவற்றில் எம்எல்ஹெச்1 இருந்தே ஆக வேண்டும். அவை பழுப்பாக இருந்து கட்டி மட்டும் நீலமாக இருந்தால் அது உண்மையான இழப்பு. அவையும் நீலமாக இருந்தால் அந்தக் கோரில் ஸ்டெயினே வேலை செய்யவில்லை, அது 'படிக்க முடியாதது'. முழு செக்‌ஷனில் எங்காவது இயல்பான சளிச்சவ்வு இருக்கும், கண் தானாக ஒப்பிட்டுக்கொள்ளும். 1 மில்லிமீட்டர் கோரில் சில சமயம் கட்டி மட்டுமே நிறைந்திருக்கும், ஒப்பிட ஒரு லிம்ஃபோசைட்கூட அகப்படாது. அப்போதும் விடை 'படிக்க முடியாதது' தான். பூஜ்யம் என்று எழுதாதீர்கள். பூஜ்யமும் வெற்றிடமும் ஒன்றல்ல, எக்செல்லில் இரண்டுக்கும் தனிக் குறியீடு வையுங்கள். உதிர்ந்த கோருக்கு ஒன்று, கட்டி இல்லாத கோருக்கு ஒன்று, ஸ்டெயின் தோற்றதற்கு ஒன்று.

கோர் இழப்பு 10 முதல் 30 சதவீதம் வரை சாதாரணம், பதற வேண்டாம். யாருடைய கோர் இழந்தது என்பதுதான் கவலை. அதைவிடப் பெரிய ஓட்டை ஆரம்பத்திலேயே இருக்கிறது. முந்நூறு கேஸ் என்கிறீர்கள். சின்னக் கட்டிகளின் பிளாக்கில் மூன்று கோர் எடுக்கத் திசுவே இருக்காது, அவற்றை ஒதுக்கிவிடுவீர்கள். சின்னக் கட்டி என்றால் பெரும்பாலும் ஆரம்ப நிலை, நன்றாக இருக்கும் நோயாளிகள். ஆக உங்கள் டிஎம்ஏ ஓசையில்லாமல் பெரிய கட்டிகளின் கூட்டமாகிவிடும். எத்தனை பேரை, ஏன் விட்டீர்கள் என்பதைக் கட்டுரையில் எழுதுங்கள். புற்றுநோய் மார்க்கர் ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று 2005-இல் வந்த ரிமார்க் வழிகாட்டுதலும் இதைத்தான் கேட்கிறது.

புள்ளியியலில் இரண்டு விஷயத்தை ஸ்டெயினிங்குக்கு முன்பே தாளில் எழுதிவையுங்கள். ஒன்று, மூன்று கோரில் எதை எடுத்துக்கொள்வீர்கள், சராசரியா, அதிகபட்சமா? முடிவைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்று வேலை. அதிகபட்சம் என்று வைத்தால் மூன்று கோரும் மிஞ்சியவருக்கு, ஒன்றே மிஞ்சியவரைவிடப் பாசிட்டிவ் ஆக வாய்ப்பு கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு, எந்த மார்க்குக்கு மேல் 'பாசிட்டிவ்'? ஹெச்-ஸ்கோரில் 10, 20, 30 என்று ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்து, பி-மதிப்பு எங்கே அழகாக வருகிறதோ அங்கே நிறுத்துவது பரவலான வியாதி. இல்லாத தொடர்பை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதம் என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள், உண்மையில் அது 40 சதவீதத்தை நெருங்கிவிடும். நடு மதிப்பில் வெட்டுங்கள், அல்லது வெட்டாமல் தொடர் எண்ணாகவே வையுங்கள், அல்லது பாதிக் கேஸில் வெட்டு இடத்தைக் கண்டுபிடித்து மீதிப் பாதியில் சோதியுங்கள்.

டிஎம்ஏ வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. தனி நோயாளியின் சிகிச்சையை முடிவுசெய்ய இதைப் பயன்படுத்தாதீர்கள். அரிதான, ஒரு மூலையில் மட்டும் நடக்கும் விஷயத்தைத் தேடுகிறீர்கள் என்றால், உதாரணத்துக்கு முன்முனையில் ஒற்றை ஒற்றையாகக் கழன்றுபோகும் செல்களை எண்ணுவதென்றால், முழு செக்‌ஷன்தான். சிறிய பயாப்ஸி பிளாக்குகளில் துளைக்காதீர்கள், அது அந்த நோயாளிக்கு நாளை தேவைப்படலாம். பெரிய பிளாக்காக இருந்தாலும் பிற்கால நோயறிதலுக்குத் திசு மிச்சம் இருக்க வேண்டும், அனுமதியும் இருக்க வேண்டும்.

ஐஎச்சி-யோடு, அதாவது இந்த ஆன்டிபாடி நிறமேற்றத்தோடு, நிற்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே பிளாக்கில் ஜீன்களைப் பார்க்க ஃபிஷ் செய்யலாம், ஆர்என்ஏ-வைத் திசுவிலேயே பார்க்க ஆர்என்ஏ இன்-சிட்டு செய்யலாம். ஒரே செக்‌ஷனில் நாற்பது புரதங்களைப் பார்க்கும் இமேஜிங் மாஸ் சைட்டோமெட்ரி போன்ற புதிய முறைகளில் ஒரு ஸ்லைடுக்கே கணக்கில்லாமல் செலவாகும், அதனால் அங்கே டிஎம்ஏ முன்னைவிடத் தேவைப்படுகிறது. ஸ்வீடனில் 2003-இல் தொடங்கிய ஹியூமன் புரோட்டீன் அட்லஸ், மனித உடலின் 44 வகை இயல்பான திசுக்களையும் 20 வகைப் புற்றுநோய்களையும் 1 மில்லிமீட்டர் கோர்களாக வைத்துத்தான் ஆயிரக்கணக்கான ஆன்டிபாடிகளைப் பார்த்தது. அந்தப் படங்கள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. உங்கள் ஐந்து ஆன்டிபாடிகளை முதலில் அங்கே தேடி, எந்தத் திசுவில் பாசிட்டிவ், எதில் நெகட்டிவ் என்று பாருங்கள். கட்டுப்பாட்டுக் கோர்களாக எதை வைப்பது என்பது அதிலேயே கிடைத்துவிடும்.

தொடங்கும் வழி: முந்நூறையும் தொடாதீர்கள். 20 கேஸை எடுத்து, மூன்று மூன்று கோராக ஒரு சின்னப் பயிற்சி பிளாக் செய்யுங்கள். அந்த இருபதுக்கும் முழு செக்‌ஷனும் வெட்டி, ஐந்து ஆன்டிபாடியும் இரண்டிலும் போடுங்கள். ஒவ்வொரு மார்க்கருக்கும் ஒரு கோர், இரண்டு கோர், மூன்று கோர் என்று முழு செக்‌ஷனோடு ஒப்பிட்டால், எதற்கு மூன்று போதும், எதற்கு முன்முனையும் வேண்டும், எதை டிஎம்ஏ-வில் செய்யவே கூடாது என்று உங்கள் கட்டிகளே சொல்லிவிடும். அந்த ஒப்பீட்டு அட்டவணையைக் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள், நீங்கள் என்னிடம் கேட்ட அதே கேள்வியை ரிவ்யூவரும் கேட்பார்.